டாஷ்போர்டில் ஒரு ஓட்டை

1972-ம் வருடத்துப் பிக்கப் ட்ரக் அது. டாஷ்போர்டு முழுக்கத் தகரம். இன்றைய வண்டிகளில் இருப்பதுபோல் தட்டினால் டொக்கென்று சத்தமிடும் பிளாஸ்டிக் இல்லை. அதன் நடுவில் நீல நாடா ஒட்டி ஒரு செவ்வகம் குறித்து வைத்திருந்தேன். நீளம் 182 மில்லிமீட்டர், உயரம் 53. ஏற்கெனவே அங்கே இருந்த சின்ன ஓட்டையை இருபுறமும் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும், வெட்ட வேண்டியது மொத்தமே மூன்று அங்குலத்துக்குள்தான். புது ரேடியோ பக்கத்து சீட்டில் தயாராக இருந்தது. மகளுக்கு ப்ளூடூத் வேண்டும். "அப்பா, இதுல பாட்டே போட முடியாதா? அப்புறம் எதுக்கு இந்த வண்டி?" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டியை விற்றவர் எங்கள் சாலையின் மறுமுனையில் இருக்கும் ஒரு மூதாட்டி. கணவர் சோளமும் சோயாவும் போட்ட விவசாயி. ஒஹையோ மாநிலத்தின் தென்மேற்கில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. அவர் இறந்து இரண்டு வருடம் களஞ்சியத்திலேயே கிடந்த வண்டியை, "ஓட்டுவீர்கள் என்றால் தருகிறேன், காட்சிக்கு வைப்பீர்கள் என்றால் வேண்டாம்" என்று சொல்லிக் கொடுத்தார். ரேடியோ பாடாது, வெறும் இரைச்சல்தான் வரும் என்பதையும் சொன்னார். ஆகவே அதைக் கழற்றுவதில் எனக்கு எந்த மனத்தடையும் இருக்கவில்லை.

ரம்பத்தை எடுக்குமுன் புது ரேடியோவைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. வயர்களை இணைத்தேன். மஞ்சள் பேட்டரிக்கு, சிவப்பு சாவி திருப்பினால் மின்சாரம் வரும் இடத்துக்கு, கறுப்பு வண்டியின் உடம்புக்கு. ஸ்பீக்கருக்கு பழைய வயரையே சேர்த்தேன். அரை நிமிடம் பாடியது. பிறகு நின்றது. கருகிய வாசனை.

எலக்ட்ரானிக்ஸில் முப்பது வருடம் குப்பை கொட்டிய நண்பனுக்குப் போன் செய்தேன். "டேய், பழைய ஸ்பீக்கர்ல ஒரு முனை பாடியில ஏறியிருக்குமே, பாத்தியா?" என்றான். பார்க்கவில்லை. பழைய வண்டிகளில் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வயர்தான் ரேடியோவிலிருந்து போகும். திரும்பி வரும் பாதை வண்டியின் இரும்பு உடம்பேதான். இன்றைய ரேடியோவில் இரண்டு முனையிலும் ஆம்ப்ளிஃபயர் உண்டு. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், அதனால்தான் 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு அவ்வளவு சத்தம். அந்த இரண்டில் எதுவும் வண்டியின் உடம்பைத் தொடக்கூடாது. தொட்டால் ஷார்ட். தவறு முழுக்க என்னுடையது. விலை மலிவான ரேடியோ, பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் அதில் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ரேடியோ வரும்வரை நாடா ஒட்டிய டாஷ்போர்டு அப்படியே இருந்தது. அந்த நாட்களில் இந்த ஓட்டையைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 182க்கு 53 என்று யார் முடிவு செய்தார்கள்? அதற்கு முன் ஓட்டை எப்படி இருந்தது? ஓட்டையே இல்லாத காலம் எப்படி இருந்தது?

காரில் முதன்முதலில் ரேடியோ வைத்தவர் யார் என்ற சண்டைக்குள் போகப்போவதில்லை. 1922-ல் சிக்காகோவின் லேன் உயர்நிலைப்பள்ளி மாணவன் ஜார்ஜ் ஃப்ராஸ்ட் தன் ஃபோர்ட் மாடல் டி-யில் ஒன்றைப் பொருத்தினான் என்பார்கள். இப்படி ஆங்காங்கே பலர் செய்திருக்கிறார்கள். விஷயம் வியாபாரமானது 1930-ல். சிக்காகோவில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற சகோதரர்கள் 1928-ல் 565 டாலர் கைமுதலுடன் ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். பேட்டரியில் ஓடும் வீட்டு ரேடியோக்களை வீட்டு மின்சாரத்தில் ஓடவைக்கும் ஒரு பெட்டிதான் அவர்கள் செய்த பொருள். நேரடியாக மின்சாரத்தில் ஓடும் ரேடியோக்கள் வந்ததும் அந்தப் பெட்டிக்கு வேலையில்லாமல் போனது. போதாக்குறைக்குப் பெரும் பொருளாதார வீழ்ச்சி. பால் கால்வின் ஏற்கெனவே பேட்டரித் தொழிலில் தோற்றவர். கார் ரேடியோ என்பது அவருக்கு மிச்சமிருந்த சில வழிகளில் ஒன்று.

வில்லியம் லியர், எல்மர் வேவரிங் ஆகிய இரு இளைஞர்களுடன் சேர்ந்து தன் ஸ்டூடிபேக்கர் காரில் ஒரு ரேடியோவைப் பாடவைத்தார். கடன் கேட்கப்போன வங்கிக்காரரின் பாக்கார்டு காரிலும் ஒன்றைப் பொருத்திக் கொடுத்ததாகவும், அரைமணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்ததாகவும் ஒரு கதை உண்டு. கடன் கிடைக்கவில்லை. (ஸ்பீக்கர் வயரில் கோட்டைவிட்ட எனக்கு இந்தக் கதை பெரிய ஆறுதல்.) 1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு. கால்வின் சுமார் 800 மைல் காரை ஓட்டிக்கொண்டு போனார். அரங்கில் கடை போடக் காசில்லை. வாசலுக்கு அருகே காரை நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, போகிறவர் வருகிறவரை நிறுத்தி ஆர்டர் வாங்கினார். அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் மோட்டரோலா. 'மோட்டார்' என்பதுடன் அந்தக்காலத்துப் பாட்டுப்பெட்டிகளின் பெயர் வாலான 'ஓலா'வை ஒட்டியது. 1947-ல் கம்பெனியின் பெயரே அதுவாகிவிட்டது.

விலை 110 டாலருக்கு மேல். ஃபோர்ட் மாடல் ஏ ஒன்று சுமார் 500 டாலருக்குக் கிடைத்த வருடம் அது. ஆனால் விலையைவிடப் பொருத்துவதுதான் பெரும்பாடு. ரேடியோ என்றால் ஒரு பெட்டி என்று நினைக்கிறோம். அன்று அது வண்டி முழுக்கப் பரவிக் கிடக்கும் பல உறுப்புகள். வால்வுகள் கொண்ட பெரிய பெட்டி டாஷ்போர்டுக்குப் பின்னால் அல்லது என்ஜின் பக்கத்துச் சுவரில் தொங்கும். ஸ்பீக்கர் தனி. வால்வுகளுக்கு அதிக வோல்ட் தேவை என்பதால் தனி பேட்டரிகளுக்காக தரைப்பலகையை வெட்டிக் குழி செய்யவேண்டும். ஆன்டெனாவுக்குக் கூரையின் உள்துணியைப் பிரித்துக் கம்பிவலை விரிக்கவேண்டும். ஓட்டுநரின் கைக்கு எட்டுவது ஸ்டீயரிங் தண்டில் கட்டிய ஒரு சின்னக் குமிழ்த் தலை மட்டுமே. அங்கிருந்து முறுக்குக் கம்பி ஒன்று போய்த் தொலைவிலுள்ள பெட்டியைத் திருகும். ஆக, டாஷ்போர்டில் ஓட்டையே இல்லை. மற்ற எல்லா இடத்திலும் ஓட்டை.

இவ்வளவும் செய்த பிறகு என்ஜினை ஓட்டினால் பாட்டு கேட்காது. ஒவ்வொரு ஸ்பார்க் ப்ளக்கும் ஒரு சின்ன ரேடியோ நிலையம். அதன் 'டிக் டிக்' சத்தம் ரேடியோவில் பொரிந்து தள்ளும். ப்ளக் வயர்களில் தடைகளைப் போட்டு, ஜெனரேட்டரில் கண்டென்சர் வைத்து ஒவ்வொரு வண்டியாக அடக்கவேண்டும். ஐரோப்பாவும் இதையே அனுபவித்தது. ப்ளாபுங்க்ட் 1932-ல் ஏஎஸ்-5 என்ற ரேடியோவைக் கொண்டுவந்தபோது எடை சுமார் 15 கிலோ, விலை 465 ரைஷ்மார்க். அதிலும் கட்டுப்பாட்டுத் தலை ஸ்டீயரிங்கில்தான்.

அரசாங்கங்கள் சும்மா இருக்குமா? மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் செயின்ட் லூயிஸ் நகரத்திலும் ஓட்டும்போது ரேடியோ கேட்பதைத் தடைசெய்ய முயற்சிகள் நடந்தன. கவனம் சிதறும், தூக்கம் வரும் என்று சொன்னார்கள். செல்போன் பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் ஏறக்குறைய அப்படியே அன்று பேசப்பட்டிருக்கிறது. தடை நிற்கவில்லை. மாசசூசெட்ஸை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ டாஷ்போர்டுக்குள் வந்துசேர்ந்தது படிப்படியாகத்தான். முதலில் வைப்ரேட்டர் என்ற சாமான் வந்தது. காரின் 6 வோல்ட் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுக்கும் ஒரு சின்னத் தகடு. அப்படி வெட்டினால் ட்ரான்ஸ்ஃபார்மர் மூலம் வோல்ட்டை ஏற்றிக்கொள்ளலாம். தரைக்கடியில் இருந்த பேட்டரிகள் ஒழிந்தன. அந்தக்கால வண்டியில் ரேடியோவைப் போட்டால் முதலில் கேட்பது பாட்டு அல்ல, தேனீக்கூடு போல் அந்த வைப்ரேட்டரின் ரீங்காரம். பிறகு வால்வுகள் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில் முழு இரும்புக் கூரையைக் கொண்டுவந்தபோது கூரைக்குள் ஒளித்த ஆன்டெனா செத்துப்போனது. இரும்புக்குள் அலை நுழையாதே. சிலகாலம் படிப்பலகைக்கு அடியில் ஆன்டெனாவைக் கட்டிப் பார்த்தார்கள். சேறும் சகதியும் பட்டு அது வீணானது. கடைசியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியே நிலைத்தது.

1950-களின் நடுவில் அமெரிக்க வண்டிகள் 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாறின. 1955-ல் கிரைஸ்லரும் பில்கோவும் சேர்ந்து முழுக்க ட்ரான்சிஸ்டர்களால் ஆன கார் ரேடியோவை அறிவித்தன. விலை 150 டாலர். வைப்ரேட்டர் போயிற்று, காத்திருப்பு போயிற்று, பெட்டி சுருங்கியது. அப்போதுதான் எல்லாம் ஒரே பெட்டியாக டாஷ்போர்டுக்குள் அடங்கும் வடிவம் உறுதிப்பட்டது. நடுவில் ஒரு சின்னச் செவ்வகம், அதில் முள்ளும் எண்களும் ஐந்து பொத்தான்களும். இருபுறமும் ஒவ்வொரு தண்டு, தண்டுகளில் குமிழ்கள். ஒன்று சத்தத்துக்கு, ஒன்று நிலையத்துக்கு. என் பிக்கப்பில் இருந்தது இந்த வம்சம்.

அந்தக்கால டயல்களில் ஒரு விசித்திரம். 1953 முதல் 1963 வரை செய்த அமெரிக்க ரேடியோக்களில் 640, 1240 என்ற இரு இடங்களில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். சோவியத் விமானங்கள் குண்டுபோட வந்தால் மற்ற நிலையங்கள் வாயை மூடிக்கொள்ளும், அந்த இரு அலைவரிசையில் மட்டும் அறிவிப்பு வரும். விமானி ரேடியோ நிலையத்தின் அலையைப் பிடித்து ஊரைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று அந்த ஏற்பாடு. காதலியுடன் காரில் பாட்டுக் கேட்ட ஒரு தலைமுறையின் கண்ணெதிரே உலக அழிவுக்கான குறியும் இருந்திருக்கிறது.

ஆனால் இதெல்லாம் கார்களின் கதை. பிக்கப் வேலைக்கார வண்டி. ரேடியோ மட்டுமல்ல, ஹீட்டரே கூடுதல் காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருளாக இருந்த வண்டி. ரேடியோ வேண்டாமென்றால் அந்த இடத்தில் ஒரு தகட்டைப் போட்டு மூடிக் கொடுப்பார்கள். அப்படியிருந்தும் விவசாயிகள் காசு கொடுத்து ரேடியோ வாங்கினார்கள் என்றால், பாட்டுக்காக மட்டும் இல்லை. வானிலை, பன்றி விலை, சோள விலை. வயலின் நடுவில் நிற்கும் ஒரு மனிதனுக்கு அது செய்தித்தாள், தந்தி ஆபீஸ் எல்லாம்.

இரவில் அது வேறொன்றாக மாறும். பகலில் வானத்தின் மேலடுக்குகளில் ஒன்று ஏ.எம். அலைகளை விழுங்கிவிடுகிறது. சூரியன் விழுந்ததும் அந்த அடுக்கு கரைகிறது. அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டு அலைகள் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இறங்குகின்றன. எங்கள் பக்கத்து சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ, 700-ல். 1934 முதல் 1939 வரை அது 500 கிலோவாட்டில் ஒலிபரப்பியது. அமெரிக்காவில் இன்று ஏ.எம். நிலையங்களுக்கு அனுமதித்த உச்சம் 50 கிலோவாட்டுதான். பக்கத்து வீடுகளின் தண்ணீர்க் குழாயும் வேலிக்கம்பியும் பேசின என்று இங்கே கிழவர்கள் சொல்வார்கள். வைர வடிவத்தில் அந்தக் கோபுரம் மேசன் ஊரில் இன்றும் நிற்கிறது. நாஷ்வில்லின் 650-ல் கிராண்ட் ஓல் ஆப்ரி. ஃபோர்ட் வொர்த்தின் 820-ல் 1969 முதல் பில் மேக், நியூ ஆர்லியன்ஸின் 870-ல் 1971 முதல் சார்லி டக்ளஸ். இருவரும் இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவர்களுக்காகவே பேசியவர்கள். எந்த நெடுஞ்சாலையில் பனி, எங்கே பாலம் மூடியிருக்கிறது, யாருடைய மனைவிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். ஆயிரம் மைல் தள்ளி ஒருவன் இருட்டில் கேட்டுக்கொண்டே ஓட்டுவான்.

எஃப்.எம். வந்து 1970-களின் இறுதியில் கேட்போர் எண்ணிக்கையில் ஏ.எம்.-ஐ முந்தியது. எட்டுத்தட நாடா (இதிலும் நமது லியர்தான், ஃபோர்ட் 1966 மாடல்களில் கொடுத்தது), பிறகு கேசட். இவற்றுக்கெல்லாம் ஒரு வாய் தேவை. இரு தண்டுகளுக்கு நடுவே இருந்த சின்னச் செவ்வகத்தில் கேசட் நுழையத் திணறியது. ஜெர்மானியர்கள் தங்கள் தொழில்தரத்தில் ஒரு ஓட்டையின் அளவை எழுதிவைத்திருந்தார்கள். 1984-ல் அது ஐ.எஸ்.ஓ. 7736 என்ற சர்வதேசத் தரமானது. 182க்கு 53. தண்டுகள் தேவையில்லை, பெட்டியை நேராக உள்ளே தள்ளினால் போதும். எந்தக் கம்பெனி ரேடியோவும் எந்தக் கம்பெனி வண்டியிலும் போகலாம் என்ற சுதந்திரத்தை அந்த ஓட்டை கொடுத்தது. சுலபமாக உள்ளே போனது சுலபமாக வெளியேயும் வந்ததால், ரேடியோ திருட்டும் செழித்தது என்பது தனிக்கதை. டாஷ்போர்டிலிருந்து முகப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போனவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள்.

பழைய வண்டிகளின் டாஷ்போர்டுகள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டதும் அதே காலத்தில்தான். பழைய இரும்புக் கடைகளுக்குப் போனால் பார்க்கலாம், தகர டாஷ்போர்டில் தாறுமாறாகக் கடித்த மாதிரி ஓட்டைகள். வெட்டியவர்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அன்று அவை வெறும் பழைய வண்டிகள்.

பிறகு வந்த மாற்றம் எனக்கு உவப்பானதல்ல. 2000-களில் வண்டியின் மற்ற வேலைகள் ரேடியோவுக்குள் குடியேறின. 2003-க்குப் பிந்தைய ஜி.எம். பிக்கப்களில் சீட்பெல்ட் போடாததற்கான மணியோசையே ரேடியோ வழியாகத்தான் வரும். ரேடியோவைக் கழற்றினால் வண்டி ஊமை. அதற்கென்றே தனியாக ஒரு இணைப்புப்பெட்டி விற்கிறார்கள். 2018 மே முதல் இங்கே விற்கும் புது வண்டிகளில் பின்புறக் கேமரா கட்டாயம். படத்தைக் காட்டத் திரை வேண்டும், திரை ரேடியோவோடு ஒன்றாகிவிட்டது. 1984-ல் கிடைத்த சுதந்திரம் ஒரு தலைமுறைகூடத் தாங்கவில்லை. ஓட்டை மறுபடி காணாமல் போய்விட்டது.

ஏ.எம்.-மும் போகப் பார்த்தது. மின்சார வண்டிகளின் மோட்டார்கள் ஏ.எம். அலையில் இரைச்சலைக் கிளப்புகின்றன. அன்றைய ஸ்பார்க் ப்ளக் பிரச்சினையின் பேரன். சில கம்பெனிகள் ஏ.எம்.-ஐயே எடுத்துவிட்டன. ஃபோர்டும் எடுக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் 2023 மே மாதம் பின்வாங்கியது. அதே மாதம் எல்லா வண்டியிலும் ஏ.எம். கட்டாயம் என்று ஒரு மசோதா அமெரிக்கக் காங்கிரஸுக்கு வந்தது. பேரிடர் அறிவிப்புக்கு ஏ.எம். வேண்டும் என்பது வாதம். செனட்டில் அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எட் மார்க்கி. மாசசூசெட்ஸ்காரர்.

நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கழற்றிப்போட்ட பழைய ரேடியோவைக் கையில் எடுத்து, "இது செத்துப்போச்சுன்னு யார் சொன்னா?" என்றான். பழைய ஸ்பீக்கரையும் கழற்றிக் கொண்டுவரச் சொன்னான். ஸ்பீக்கர் இல்லாமல் இந்த மாதிரி ரேடியோவை ஆன் செய்யக்கூடாதாம். மேஜையில் ஒரு பேட்டரி, ஆன்டெனா துளையில் ஆறடி வயர். திருகியதும் உடனே ஒரு மனிதர் பேஸ்பால் பற்றிப் பேசத் தொடங்கினார். ரேடியோவில் கோளாறே இல்லை. வண்டியில் ஆன்டெனா கம்பியின் செருகி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

மேல்மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே சுருள்களுக்குள் சின்னச் சின்னக் கறுப்புக் கம்பங்கள். பொத்தானை அமுக்கினால் நெம்புகோல் ஒன்று அவற்றை ஒன்றாக உள்ளேயோ வெளியேயோ நகர்த்துகிறது. முள்ளும் கூடவே ஓடுகிறது. எவ்வளவு நகரவேண்டும் என்பது பொத்தானின் பின்னாலுள்ள தகட்டின் சாய்வில் இருக்கிறது. பொத்தானை வெளியே இழுத்து, வேண்டிய நிலையத்தில் நிறுத்தி, அழுத்தி உள்ளே தள்ளினால் தகடு அந்தச் சாய்விலேயே இறுகிவிடும். நான் வாங்கிய புது ரேடியோவுக்கு மஞ்சள் வயரில் எந்நேரமும் மின்சாரம் வேண்டும், பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் மறந்துவிடும். இது பேட்டரியே இல்லாமல் களஞ்சியத்தில் கிடந்தும் மறக்கவில்லை.

ஒவ்வொன்றாக அமுக்கினோம். முதலாவது 700. இரண்டாவது 650. மூன்றாவது 870, அதாவது இரவில் சார்லி டக்ளஸ். நான்காவது சிக்காகோவின் 890. ஒரு காலத்தில் விவசாயிகளின் நிலையமாக இருந்து 1960-ல் ராக் இசைக்கு மாறியது அது. கிழவர் அதைக் கேட்டிருப்பார் என்று தோன்றவில்லை. ஐந்தாவது 1500-ஐத் தாண்டி ஓரிடத்தில் போய் நின்றது. அங்கே எதுவும் இல்லை, இரைச்சல் மட்டும்.

ரேடியோவைப் பழையபடி வைத்துவிட்டேன். நாடாவை உரித்தபோது கொஞ்சம் வண்ணமும் வந்தது, அது ஒரு வருத்தம். இரண்டாவதாக வாங்கிய புது ரேடியோ இப்போது கையுறைப் பெட்டிக்குள் இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் தனியாக இரண்டு ஸ்பீக்கர், இந்தமுறை இரண்டிரண்டு வயருடன். மகளுக்குத் திருப்தி.

வண்டி ஓடுவதைக் காட்ட மூதாட்டியின் வீட்டுக்குப் போனபோது பொத்தான்களைப் பற்றிக் கேட்டேன். நான்காவது மகனுடையதாம். பதினாறு வயதில் தகப்பனுக்குத் தெரியாமல் மாற்றி வைத்தான், அவர் கடைசிவரை திருப்பி மாற்றவில்லை என்றார். மகன் எங்கே இருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கூடத்துச் சுவரை ஒருமுறை பார்த்தார். அங்கே இருந்தது ராணுவ உடையில் ஒரு படம். நான் கேட்கவில்லை.

ஐந்தாவது எங்கள் பக்கத்து ஊரின் சின்ன நிலையம். பகலில் மட்டும் ஒலிபரப்ப உரிமம் பெற்றது, சூரியன் மறையும்போது மூடிவிடவேண்டும். பனிநாளில் எந்தப் பள்ளி விடுமுறை, யார் இறந்துபோனார், அடக்கம் எத்தனை மணிக்கு என்று தினமும் படிப்பார்களாம். நின்றுபோய் ரொம்ப காலமாகிவிட்டது. "உங்களுக்கு வேண்டியதை அதில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள், "அப்பா, அந்த அஞ்சாவது எனக்கா?" சரி என்றேன். வீடு வந்துசேரும்வரை முள்ளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகிக்கொண்டே வந்தாள். பகல் நேரம், அதிகம் எதுவும் கிடைக்கவில்லை. "ராத்திரி வந்து தேடலாம்" என்றாள்.